கழித்த மண்ணும் கலந்த மண்ணும்

இரும்புத் தடம் – 19

மெசாபி மலைத்தொடரின் செந்தாது தீரப்போகிறது என்ற பேச்சு மின்னசோட்டா மாநிலத்தில் கிளம்பிய இடத்தில் சென்ற அத்தியாயம் நின்றது. அந்தத் தாது சுரங்கக்காரர்களைச் சோம்பேறிகளாக்கி வைத்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். பாதிக்கு மேல் இரும்பு. மேல்மண்ணை விலக்கி, நீராவி இயந்திரத்தால் வாரி ரயிலில் கொட்டினால் போதும். சுப்பீரியர் ஏரித் துறைமுகத்தில் கப்பலேறி ஊதுலைக்குப் போய்விடும். 1892-இல் மவுன்டன் அயர்ன் ஊரிலிருந்து முதல் சரக்கு கிளம்பிய நாள் முதல் அரை நூற்றாண்டு இப்படியே ஓடிற்று. இரண்டாம் உலகப் போர் வந்ததும் டாங்கிக்கும் கப்பலுக்கும் எஃகு கேட்டு நெருக்கினார்கள். நல்ல தாது இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள்.

அதே மலைத்தொடரில் இன்னொரு பாறை, அள்ள ஆளில்லாமல், மைல்கணக்கில் கிடந்தது. அதன் பெயர் டாக்கனைட். நூற்றுக்கு 25 முதல் 30 பங்குதான் இரும்பு. மீதியில் பெரும்பகுதி சிலிக்கா. கடினமோ கடினம். வழக்கமான துளைக்கருவிகள் அதன்மேல் மழுங்கிப் போயின. பிற்பாடு மண்ணெண்ணெயையும் ஆக்சிஜனையும் சேர்த்து எரித்து, அந்தச் சுவாலையைப் பாறைமேல் பாய்ச்சி, வெடிகுழி போட வேண்டியிருந்தது. இரும்புத் துகள்கள் சிலிக்காவுக்குள் பொடிப்பொடியாகப் பின்னிக்கிடந்ததால், உடைத்தால் மட்டும் போதாது, மாவாக்க வேண்டும். அங்குலத்துக்கு 325 கண் உள்ள சல்லடையில் விழும் அளவுக்கு, அதாவது 44 மைக்ரானுக்கும் கீழே.

இந்தப் பாறையோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்றவர் எட்வர்ட் டேவிஸ். 1888-இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்து, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் சுரங்கப் பள்ளிக்குக் கணிதம் கற்பிக்க வந்தவர். டாக்கனைட்டிலுள்ள இரும்பில் கணிசமான பகுதி மேக்னடைட், காந்தம் இழுக்கும் வகை. அரைத்த மாவை நீரில் கரைத்து, காந்தத்தைக் காட்டி, இரும்பை இந்தப் பக்கமும் சிலிக்காவை அந்தப் பக்கமும் பிரித்துவிடலாம் என்று அவர் நம்பினார். ஒரு பாறையில் காந்தம் பிடிக்கும் பங்கு எவ்வளவு என்று அளக்க அவர் செய்த கண்ணாடிக் குழாய்க் கருவி இன்றும் ‘டேவிஸ் குழாய்’ என்ற பெயரிலேயே உலகெங்கும் தாது ஆய்வகங்களில் இருக்கிறது.

பிரிக்க முடிந்தது. விற்கத்தான் முடியவில்லை. 1922-இல் பாபிட் என்ற இடத்தில் மெசாபி அயர்ன் கம்பெனி ஓர் ஆலையைத் திறந்தது. டாக்கனைட்டை அரைத்து, காந்தத்தால் பிரித்து, சிண்டர் எனப்படும் சுட்ட கட்டிகளாக்கி அனுப்பியது. தாது விலை இறங்கியது, செலவு ஏறியது. 1924-இல் ஆலை மூடப்பட்டது. பக்கத்திலேயே வாரி எடுக்கும் செந்தாது இருக்கும்போது பாறையை மாவாக்கி விற்பது அன்றைய கணக்குக்குப் பைத்தியக்காரத்தனம்.

மாவாக்கியதால் வந்த வம்பு வேறு. ஊதுலைக்குள் அடியிலிருந்து வெப்பக்காற்று சீறி எழும். மேலிருந்து போடும் தாது கட்டிகட்டியாக இருந்தால் இடுக்குகள் வழியே காற்று ஏறும். மாவாக இருந்தால் ஒன்று வழியை அடைக்கும், அல்லது புகையோடு பறந்து வெளியே போகும். எனவே மாவைத் திரும்பக் கட்டியாக்கியே தீர வேண்டும். கோக் தூளோடு கலந்து சுட்டுச் சிண்டராக்குவது பழைய வழி. எஃகு ஆலையின் முற்றத்திலேயே சுட்டு, அங்கேயே உலைக்குள் தள்ளுகிறவர்களுக்கு அது சரிப்படும். மெசாபித் தாதுவோ ரயிலில் கொட்டப்பட்டு, கப்பலில் கொட்டப்பட்டு, மறுபடி ரயிலில் கொட்டப்பட்டு ஒஹாயோவுக்கும் பென்சில்வேனியாவுக்கும் போக வேண்டும். அத்தனை கொட்டலில் சிண்டர் நொறுங்கி மறுபடி தூளாகிவிடும்.

மாவை உருண்டையாக உருட்டிச் சுடலாம் என்ற யோசனை டேவிஸுடையது அல்ல. சுவீடனில் ஆண்டர்சன் 1912-இலும், ஜெர்மனியில் பிராக்கெல்ஸ்பர்க் 1913-இலும் காப்புரிமை பெற்றிருந்தார்கள். குருப் நிறுவனம் ரைன்ஹவுசன் எஃகு ஆலையில் 1926-இல் ஒரு சோதனை ஆலைகூடக் கட்டியது. நாளுக்கு 120 டன். 1937-இல் சிண்டர் ஆலைக்கு இடம் வேண்டும் என்று அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். உருண்டைக்கு அங்கே அவசரம் இல்லை. அவசரம் மின்னசோட்டாவில்தான் இருந்தது. அதனால் 1940களில் டேவிஸும் அவரது சகாக்களும் மின்னியாபொலிஸில் இருந்த சுரங்கச் சோதனை நிலையத்தில் அந்தப் பழைய யோசனையைத் தூசு தட்டி எடுத்தார்கள்.

உருட்டுவது வேடிக்கையாகப் பார்க்கத்தக்க வேலை. சாய்வாகச் சுழலும் உருளையில் ஈரமான தாதுமாவு ஒரு முனையில் விழும். உருள உருள ஒரு துகளோடு இன்னொன்று ஒட்டி, பனி திரளும் விதமாகப் பெருத்து, மறு முனையில் 9 முதல் 12 மில்லிமீட்டர் உருண்டைகளாக வெளியே விழும். ஈரம் நூற்றுக்கு ஒன்பது, பத்து பங்கு இருக்க வேண்டும். அரைப் பங்கு கூடினால் சேறாக இழுபடும். குறைந்தால் உருளவே உருளாது. இந்தக் கட்டத்தில் உருண்டையைப் பிடித்து வைத்திருப்பது தண்ணீர் மட்டுமே. துகள்களுக்கு நடுவே உள்ள நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்து வைத்திருக்கிறது.

தொல்லை அதற்குப் பிறகுதான். சுடுவதற்கு முன் காய வேண்டும். காய்ந்தால் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போனால் பிடிமானம் போய்விடும். செங்கல் சூளைக்காரர் அறுத்து அடுக்கும் பச்சைக்கல் வெயிலில் காயக் காய இறுகுகிறது, ஏனென்றால் அது களிமண். டாக்கனைட் மாவு காயக் காய உதிர்கிறது, ஏனென்றால் அதில் இருந்த களிமண்ணையும் மணலையும்தான் அத்தனை பாடுபட்டு நீக்கியிருக்கிறார்கள். விரலால் அழுத்தினாலே காய்ந்த உருண்டை பொடியானது. உலையில் பத்து அடி ஆழத்துக்கு அப்படிப்பட்ட உருண்டைகளைக் குவித்தால் அடியில் இருப்பவை மேலிருப்பவற்றின் பாரத்திலேயே நசுங்கிவிடும். பிசின் போல ஏதாவது ஒன்று கலந்தாக வேண்டும். மாவுச்சத்து, சுண்ணாம்பு, சோடா உப்பு என்று இந்தத் துறையில் பரிசோதிக்கப்படாத பொருள் குறைவு. கடைசியில் நின்றது ஒரு களிமண்.

அந்தக் களிமண் வந்தது வயோமிங் மாநிலத்திலிருந்து. ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் நடுப்பகுதி உள்நாட்டுக் கடலாக இருந்தது. மேற்கே எரிமலைகள் குமுறின. அவற்றின் சாம்பல் காற்றில் வந்து கடலில் விழுந்து, உப்பு நீரில் ஊறி, மென்மையான களிப்படிவங்களாக மாறியது. குடியேறிகள் அதை வண்டி அச்சுக்கு மசகாகவும் சோப்புக்குப் பதிலாகவும் பயன்படுத்தினார்கள். 1888-இல் வில்லியம் டெய்லர் என்பவர் ராக் கிரீக் பகுதியில் அதை வெட்டி விற்கத் தொடங்கினார். வில்பர் நைட் என்ற நிலவியலாளர் முதலில் அவர் பெயரையே அதற்கு வைத்தார். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு பொருளுக்கு இருந்ததால் 1898-இல் ஃபோர்ட் பென்டன் பாறை அடுக்கின் பெயரைக் கொண்டு பென்டோனைட் என்று மாற்றினார். 1920களில் வார்ப்பட மணலுக்கும், எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றுக்கும் அது போகத் தொடங்கியிருந்தது. தாதுக்காரர்கள் வந்தது அதற்குப் பிறகு.

எல்லாக் களிமண்ணும் இதைச் செய்துவிடாது. பென்டோனைட்டின் உள்ளே மொண்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் தகடு தகடாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு தகட்டின் தடிமன் சுமார் ஒரு நானோமீட்டர். தகடுகளுக்கு நடுவே சோடியம் அயனிகள் இருந்தால் தண்ணீர் பட்டதும் உள்ளே புகுந்து அவற்றை விலக்கிவிடும். களி பத்துப் பதினைந்து மடங்கு உப்பும். முழுக்கப் பிரிந்துவிட்டால் ஒரே ஒரு கிராமின் பரப்பு 700 சதுர மீட்டரைத் தாண்டும். சோடியத்தின் இடத்தில் கால்சியம் இருந்தால் இந்த விரிவு வெகுவாகக் குறையும். வயோமிங் களி இயற்கையிலேயே சோடியம் வகை. கால்சியம் வகை மட்டுமே கிடைத்த ஐரோப்பாவில், 1930களில் ஜெர்மானியர்கள் சோடா உப்பைச் சேர்த்துப் பிசைந்து அதைச் சோடியம் வகையாக மாற்றக் கற்றார்கள். கிரேக்கத்தின் மிலோஸ் தீவில் வெட்டும் களி இன்றும் அப்படித்தான் பதப்படுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது.

உருண்டைக்குள் அது செய்யும் வேலை மூன்று கட்டம். ஈரமாக இருக்கையில் மிஞ்சிய தண்ணீரைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொண்டு, உருளை ஓட்டுகிறவரின் கணக்குப் பிசகைக் கொஞ்சம் மன்னிக்கிறது. காய்கிற கட்டத்தில், சுருங்கும் தண்ணீரோடு சேர்ந்து தகடுகளும் துகள்கள் தொடும் முனைகளுக்கு இழுக்கப்பட்டு அங்கே படிந்து இறுகுகின்றன; தண்ணீர் போனாலும் பாலம் நிற்கிறது. மூன்றாவது கட்டம் நெருப்பு. மாவுச்சத்து போன்ற பொருள்கள் சில நூறு டிகிரியில் கருகிப் போய்விடும். தாதுத் துகள்கள் தாமே ஒன்றோடொன்று உருகி ஒட்டும் வெப்பம் அதற்கு வெகு மேலே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் உருண்டையைக் காப்பாற்ற எரியாத பொருள் வேண்டும். களிமண் எரிவதில்லை.

1,250 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் பென்டோனைட்டுக்கு வேலை முடிந்தது. அதற்குள் மேக்னடைட் ஆக்சிஜனைப் பிடித்து ஹேமடைட்டாக மாறியிருக்கும். மாறும்போது தானே வெப்பத்தை வெளிவிட்டு, சுடும் செலவில் பெரும்பங்கை மிச்சப்படுத்துகிறது. புதிய படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. காய்ந்த நிலையில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் தாங்கினாலே தேர்ச்சி என்று விட்டுவிடும் அதே உருண்டை, சுட்ட பிறகு இருநூறு கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். தாங்குகிறது.

இத்தனைக்கும் ஒரு டன் தாதுமாவுக்குக் கலக்கும் களி ஐந்து முதல் எட்டுக் கிலோ.

இந்த எட்டுக் கிலோவில்தான் இந்த அத்தியாயத்தின் சங்கடமே இருக்கிறது. மூன்று டன் பாறையை வெடித்து, உடைத்து, மாவாக்கி, காந்தத்தால் பிரித்து ஒரு டன் செறிவுத் தாது எடுக்கிறார்கள். அந்தப் பாடு முழுவதும் சிலிக்காவை விரட்டத்தான். பென்டோனைட்டிலோ ஏறத்தாழ அறுபது விழுக்காடு சிலிக்கா, இருபது விழுக்காடு அலுமினா. விரட்டியதை வேறு மாநிலத்திலிருந்து காசு கொடுத்து வாங்கி, ரயிலில் ஏற்றி வந்து உள்ளே விடுகிறார்கள். டன்னுக்கு ஆறரைக் கிலோ களி என்றால் நான்கு கிலோ சிலிக்கா. அதை உருக்கிக் கசடாக்கச் சுண்ணாம்புக்கல் வேண்டும், அந்தச் சுண்ணாம்புக்கல்லை உருக்கக் கோக் வேண்டும். சோடியமும் சும்மா இருப்பதில்லை. உலைக்குள்ளேயே ஆவியாகி, படிந்து, மறுபடி ஆவியாகிச் சுற்றிக்கொண்டிருந்து உட்சுவர்ச் செங்கற்களை அரிக்கும். எஃகுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் வாங்கினார்கள்.

வாங்கியதற்குக் காரணம் உருண்டைகளின் நடத்தை. அதைப் பார்க்கும் முன், ஆலைகள் எழுந்த கதை. டேவிஸ் இதற்குள் தொழிலுக்கு வேண்டிய இன்னொரு வேலையையும் முடித்திருந்தார். தரைக்குள் கிடக்கும் தாதுவுக்கு ஆண்டுதோறும் சொத்துவரி கேட்கும் சட்டம் டாக்கனைட்டைக் கொன்றுவிடும் என்று சட்டமன்றத்தில் வாதாடி, 1941-இல் உற்பத்தியாகும் டன்னுக்கு மட்டும் வரி என்று மாற்றவைத்திருந்தார். எஃகு நிறுவனங்களான ஆர்ம்கோவும் ரிபப்ளிக் ஸ்டீலும் சேர்ந்து நடத்திய ரிசர்வ் மைனிங் கம்பெனி பாபிட்டில் பாறையை வெட்டி, 47 மைல் ரயிலில் சுப்பீரியர் ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து, சில்வர் பே என்ற புதிய ஊரில் உருண்டையாக்கியது. 1955-இல் உலை மூட்டப்பட்ட அந்த ஆலைக்கு எட்வர்ட் டேவிஸ் பெயர். நகரும் இரும்புத் தட்டியில் உருண்டைகளைப் பரப்பிச் சுடும் முறை அங்கே. 1957-இல் ஹாய்ட் லேக்ஸில் திறந்த ஈரி கம்பெனி நிமிர்ந்த உலைகளை நம்பியது. 1960-இல் மிச்சிகனின் ஹம்போல்ட்டில் தட்டியையும் சுழலும் சூளையையும் இணைத்த மூன்றாவது முறை வந்தது.

அதே 1960-இல் ஆர்ம்கோ தன் மிடில்டவுன் ஊதுலைக்கு இந்த உருண்டைகளையே முழு உணவாகக் கொடுத்துப் பார்த்தது. ஒரே அளவு உருண்டைகள், ஒரே அளவு இடுக்குகள். காற்று தடையில்லாமல் ஏறியது. உலையைப் பெரிதாக்காமலே உற்பத்தி எகிறியது. அதற்குப் பிறகு வாரி எடுத்த செந்தாதுவை அப்படியே வாங்க எந்த எஃகு ஆலைக்கும் மனம் வரவில்லை. பஞ்சத்துக்கு வந்த மாற்றுத் தாது, அசலை ஓரங்கட்டிவிட்டது. வயோமிங்கில் பென்டோனைட் வெட்டியவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஆண்டுக்கு ஒரு கோடி டன் உருண்டை செய்யும் ஆலைக்கு, டன்னுக்கு ஆறு கிலோ கணக்கில், அறுபதாயிரம் டன் களி தேவை.

விலை கொடுத்து வாங்கிய சிலிக்காவை எப்படியாவது வெளியேற்றிவிட வேண்டும் என்ற முயற்சி அதன் பிறகு நின்றதே இல்லை. மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் பசையை நெதர்லாந்தின் அக்சோ நிறுவனம் பெரிடூர் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது களியில் பத்தில் ஒரு பங்கு அளவே போதும், எரிந்து போய்விடும், சிலிக்கா மிச்சமில்லை. ஆனால் எரிந்து போவதே அதன் குறையும்கூட. தட்டியிலேயே தொடங்கித் தட்டியிலேயே முடியும் சூளையில் உருண்டைகள் அசையாமல் கிடப்பதால் சமாளிக்கலாம். தட்டியிலிருந்து சுழலும் சூளைக்குள் விழுந்து புரளும் முறையில், பசை எரிந்து போய்ப் படிகம் இன்னும் கோத்துக்கொள்ளாத அந்த இடைவெளியில் உருண்டை உடைந்து தூளாகும். விலையும் களியைவிட மிக அதிகம்.

மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கோமார் கவாத்ரா வேறு பக்கத்திலிருந்து வந்தார். களியை விரட்டாமல், அதை ஒழுங்காக வேலை வாங்கினால் என்ன? அழுத்தித் தேய்த்துக் கலக்கும்போது ஈரக் களியின் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நார்நாராக நீள்வதை அவரது குழு நுண்ணோக்கியில் கண்டு, 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் எழுதியது. அந்த நார்கள் துகளோடு துகளைக் கட்டிவைக்கின்றன. வழக்கமான கலவையில் பெரும்பகுதிக் களி சிறு கட்டியாக ஒரு மூலையில் முடங்கி வீணாகிறது. அழுத்திக் கலந்தால் குறைவான களியே அதே வலுவைத் தரும். அதாவது அரை நூற்றாண்டாகப் போட்டுக்கொண்டிருந்த அளவில் ஒரு பங்கு, கலக்கத் தெரியாததற்குக் கட்டிய அபராதம்.

இந்தியாவிலும் இதே கதை, களி மட்டும் வேறு. குஜராத்தின் கட்ச் பகுதியில் தக்காண எரிமலைப் பாறைகளோடு சேர்ந்த படிவங்களிலிருந்தும், ராஜஸ்தானின் பார்மேரிலிருந்தும் இங்குள்ள ஆலைகளுக்குப் பென்டோனைட் வருகிறது. இந்தியத் தாதுவில் பெரும்பகுதி ஹேமடைட். ஏற்கெனவே ஆக்சிஜனைப் பிடித்து முடித்துவிட்ட தாது அது. சூளையில் தன் பங்குக்கு வெப்பம் எதையும் தராது. வெப்பம் முழுவதையும் வெளியிலிருந்தே கொடுக்க வேண்டும், படிகம் கோத்துக்கொள்ளும்வரை உருண்டையைக் களியே தாங்க வேண்டும். அளவில் சிக்கனம் பிடிப்பது இங்கே இன்னும் கடினம்.

விதிவிலக்கு குதிரேமுக். கர்நாடக மேற்குத் தொடர்ச்சி மலையில் மேக்னடைட் கலந்த மட்டமான தாது. ஈரானுக்குச் செறிவுத் தாது விற்க, ஈரானின் பணத்தில் 1970களில் தொடங்கிய திட்டம். 1979 புரட்சியோடு வாங்குகிறவர் காணாமல் போனார். மலையில் அரைத்துப் பிரித்த மாவு 67 கிலோமீட்டர் குழாயில் சேறாக ஓடி மங்களூர்த் துறைமுகத்துக்கு இறங்கும். மாவை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? மின்னசோட்டா கண்ட அதே விடையைத்தான் கண்டார்கள். 1987-இல் மங்களூரில் உருண்டை ஆலை எழுந்தது. மலையில் பிரித்துக் கழித்த மண்ணைத் தேக்க லக்யா ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். மழைக்காட்டுக்கும் பத்ரா ஆற்றுக்கும் அந்தச் சுரங்கம் செய்வது என்ன என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2005 முடிவோடு தோண்டுவது நின்றது. மங்களூர் ஆலை வேறிடத்துத் தாதுவை வாங்கி உருட்ட வேண்டிய நிலைக்கு வந்தது.

கழித்த மண் எங்கே போகிறது என்ற அந்தக் கேள்வி சில்வர் பேயில் இன்னும் முன்னரே எழுந்துவிட்டது. ஒரு டன் உருண்டைக்கு இரண்டு டன் கழிவு என்ற கணக்கில், ரிசர்வ் மைனிங் நாளுக்கு 67,000 டன் பாறைப்பொடியை நேராகச் சுப்பீரியர் ஏரிக்குள் விட்டுக்கொண்டிருந்தது. மாநில அரசின் அனுமதியோடுதான். கனமான பொடி ஏரியின் ஆழத்தில் போய்ப் படிந்து கிடக்கும் என்று சொன்னார்கள். 1972-இல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு, கரையோர நகரமான டுலூத்தின் குடிநீரில் கல்நார் போன்ற நுண்ணிழைகள் இருப்பதாகச் செய்தி வந்தது. 1974 ஏப்ரல் 20 அன்று நீதிபதி மைல்ஸ் லார்ட் ஆலையை உடனே மூடச் சொன்னார். இரண்டே நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. அந்த இரண்டு நாள்களும், கழிவு கரையேற 1980 வரை இழுத்த வாய்தாக்களும் அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)